படுதாவுக்கு வெளியே நீண்ட கை

அறுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் செஞ்சியில் நடந்தது இது. அப்போது நான் மலேரியா ஊழியனாக இருந்தேன். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட எனக்கு அது பெரிய உத்தியோகம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய், "காய்ச்சல் யாருக்காவது இருக்குதா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு, மாத்திரை கொடுக்க வேண்டும். போகும்போது வாசல் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். பெண்கள் எதிரில் வந்தால் என் கண் தானாகக் கீழே போய்விடும். வல்லம் பக்கம் களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்கிற பெண்கள் என் சைக்கிளைப் பார்த்ததுமே, "தோ வந்துட்டாரு பாரு, தரையப் பாத்துப் பேசறவரு" என்று சிரிப்பார்கள். நான் இன்னும் குனிந்துகொள்வேன்.

அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த தெரு, கோட்டைக்குப் போகிற வழியில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்த தெருதான். அங்கே பெண்கள் வெளியாள் எதிரில் வரமாட்டார்கள். வாசலில் படுதா தொங்கும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் படுதாவின் ஓரமாக ஒரு கை நீளும். மோதிர விரலில் குத்தியதும் உள்ளே போய்விடும். முகம் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம். என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தத் தெருவில் ஒரு வியாபாரியின் வீடு. அவர் பாதி நாள் அவலூர்பேட்டை சந்தையில்தான் இருப்பார். வீட்டில் அவருடைய அம்மா, மனைவி, கல்யாணமாகாத தங்கை. அன்று நான் போனதும் அந்த அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"மருமவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து தூக்கித் தூக்கிப் போடுது தம்பி. ஆறு மாசம் வேற. நீ ரத்தத்த எடுத்துக்க, நான் அடுப்பப் பாக்குறேன்."

கை நீண்டது. பிடித்தேன். கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல ஜில்லென்று இருந்தது. வெங்காய வாசனை வேறு. 'காய்ச்சல்காரர் கையா இது?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது. குத்தினேன், மாத்திரைகளைக் கொடுத்தேன், சுவரில் கையெழுத்துப் போட்டேன், போய்விட்டேன். சில நாளில், அந்த ரத்தத்தில் மலேரியா இல்லை என்று முடிவு வந்தது. அதைச் சந்தை வழியில் பார்த்த வியாபாரியிடமும் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது அந்த அம்மாவின் குரலே மாறியிருந்தது.

"எழுந்து உக்காரக்கூட முடியல தம்பி அவளால. உன் பரிட்சையில ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சாமே. அப்போ வேற இன்னா சீக்கோன்னு பள்ளிவாசல்ல ஓதித் தண்ணி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். வயித்துல இருக்கறத நெனச்சா பயமா இருக்குது."

மறுபடி கை நீண்டது. மறுபடி ஜில்லென்று இருந்தது. இந்த முறை வெங்காயம் இல்லை. நகத்தோரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

எங்கிருந்துதான் எனக்குக் குரல் வந்ததோ தெரியவில்லை. "ஏம்மா, உக்கார முடியாதவங்க மீன் ஆய முடியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

கை வெடுக்கென்று உள்ளே போனது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். அடுப்படியிலிருந்து அந்த அம்மா ஓடிவந்து, யார் முதுகிலோ ஒரு அடி வைக்கிற சத்தம்.

"அடிப்பாவி, நீயாடி கைய நீட்டின?"

"அண்ணிதாம்மா நீட்டச் சொன்னாங்க. அந்த மாத்திரைய முழுங்கினா புள்ள கலைஞ்சிடுமாம். பக்கத்து வூட்ல சொன்னாங்களாம்."

"போன தடவ குடுத்தாரே, அத இன்னாடி பண்ணீங்க?"

"முருங்க மரத்தாண்ட பொதச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. இனிமே அந்த மரத்துக்குக் குளிர்க்காய்ச்சல் வராது!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மா அடுத்து என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, போன தடவயும் இதே கைதானே? அப்போ உனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுதும்மா. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"செவுத்துல கையெழுத்துப் போட மட்டும் கூச்சமில்லயாக்கும்?"

பதினைந்து நாளுக்கு முன் நான் போட்ட கையெழுத்து என் தலைக்கு மேலேயே இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால், அந்தப் பெண் இத்தனை நாள் நடுங்கியிருக்க வேண்டாம்.

படுதாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. "மாத்திரையால ஒண்ணும் ஆவாதும்மா. காய்ச்சல உட்டாதான் வயித்துப் புள்ளைக்கு ஆபத்து. என் சம்சாரமும் மாசமா இருக்கும்போது இதே மாத்திரைய முழுங்கினவதான். அந்தப் புள்ள இப்போ என் சைக்கிள் பெல்லக் கழட்டிக்கினு ஊரைச் சுத்துது."

உள்ளே பாயை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. படுதாவின் அடியில், தரையோடு தரையாக ஒரு கை வந்தது. பிடித்தேன். மத்தியான வெயிலில் ராஜகிரிக் கோட்டை மலைப் பாறையைத் தொட்டதுபோல அப்படிச் சுட்டது.

ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்தேன். மாமியார் பக்கத்திலேயே நின்று, "முழுங்கு. நாக்கத் தூக்கிக் காட்டு" என்று காவல் காத்தார். அந்த ரத்தத்தில் மலேரியா இருந்தது. டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, கர்ப்பிணிக்கு எது ஆகுமோ அந்த வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தேன். குளிர் விட்டுப்போகும் வரை தினமும் அந்த வாசலில் சைக்கிளை நிறுத்தி, எப்படி இருக்கிறார் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள். தெருவே கேட்கிற மாதிரி, "காய்ச்சல் யாருக்காவது இருக்குதா?" என்றேன். படுதாவின் ஓரமாக ஒரு சின்னஞ்சிறு கால் வெளியே வந்தது. கைக்குழந்தைகளுக்குக் கால் கட்டைவிரலில்தான் குத்துவோம். அது அந்த வீட்டுக்கும் தெரியும்.

"காய்ச்சல் ஒண்ணுமில்ல தம்பி. வூட்ல ஒரு ஆளு கூடியிருக்குது, எழுதிக்க. யாரு காலுன்னு சந்தேகமா இருந்தா மோந்து பாத்துக்க!"

உள்ளே இரண்டு பெண்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். நான் ஊசியை எடுக்கவில்லை. அந்தக் காலைச் சும்மா ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தேன். இதமான சூட்டோடு, என் விரலை உதைத்துக்கொண்டே இருந்தது.

கூச்சம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி தொண்டையில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த மீன் செதில் கண்ணில் மின்னும், உடனே கேட்டுவிடுவேன்.