முடிவு சுபமுங்களா?

நாவல்களை வாடகைக்கு விடுகிறவனுக்கு இரண்டு வேலை: புத்தகத்தைக் கொடுப்பது, பிறகு அதற்காகத் திட்டு வாங்குவது. எழுதியவர் எங்கேயோ நிம்மதியாக இருப்பார். நானோ ஏற்காட்டில், பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கிறேன். "படிச்சுப் பாருங்க, பிரமாதம்" என்று யாரிடமாவது ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவரைத் தெருவில் பார்த்ததும் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். இந்தக் கோடையில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லலாம்.

ஜன்னலோர நாவல்

சீசன் தொடங்கியதும் நான் படித்த முதல் நாவல், பரிசு வாங்கியது. மலையூர் ஒன்றில் நடக்கிற கதை. நாயகன் ஜன்னலோரம் நின்று பனியைப் பார்க்கிறான். அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் வேறு ஜன்னல், அதே பனி. பாதிப் புத்தகத்திலேயே எனக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் போலிருந்தது. பரிசு வாங்கிய புத்தகமாயிற்றே, கோளாறு என்னிடம்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். முடித்த கையோடு மாரியம்மாளிடமும் கொடுத்தேன்.

மாரியம்மாள் வாழவந்திக்காரர், காபி எஸ்டேட்டில் வேலை. அவர் இருக்கும் பக்கம் போனுக்கு டவர் கிடைக்காது. என் கடை ஓடுவதே இப்படிப்பட்டவர்களால்தான். அடுத்த வாரம் வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "ஏனுங்க, அவரு அத்தன சன்னலு வழியாப் பாக்கறாரு. ஒரு சன்னலு வழியாவாச்சும் காப்பி பறிக்கற பொம்பள ஒருத்தியாவது தெரியக் காணமேங்க?"

கொலைகாரன் யார்?

மலைக்குக் கீழேயிருந்து வருகிறவர்களிடம் முடிவைச் சொன்னால் கோபம் வரும். எங்கள் ஊர்க்காரர்களுக்கோ சொல்லாவிட்டால் கோபம் வரும். நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்கிவிட்டு வந்து படிக்கிறவர்கள், கடைசியில் அழவைக்குமா, வைக்காதா என்று தெரிந்துகொண்டுதான் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள். எல்லா நாவலையும் என்னால் படித்துவிட முடியாது. படிக்காததற்குக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, சுபம் என்றோ அழுகை என்றோ சொல்லிவிடுவேன். தொழில் இப்படித்தான் நடக்கிறது.

சீசனுக்கு வந்திருந்த சென்னைப் பெண் ஒருத்தி, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். என் அபிப்பிராயத்தில் இந்தக் கோடையின் நல்ல துப்பறியும் கதை அதுதான், கடைசிவரை கொலைகாரன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்போது கடைக்கு வந்த மாரியம்மாள் அந்த அட்டையைப் பார்த்து, அது எப்படி முடிகிறது என்று கேட்டார். பழக்க தோஷம், கொலை செய்தது சமையல்காரர்தான் என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மாரியம்மாள்தான் சமாதானம் சொன்னார்: "போச்சாது உடு கண்ணு. இனிமே பயமில்லாமப் படிக்கலாமுல்ல."

ரைட்டர் அண்ணனுக்கு ஒரு கதை

ஆரோக்கியம் அண்ணன் எஸ்டேட் ரைட்டர். ஆட்களுக்கு வருகைப் பதிவு போடுகிறவர், குரலைக் கேட்டாலே எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள். அவருக்கு இதயத்தில் அடைப்பு, சேலத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். புறப்படுவதற்கு முன்னால் அவர் மனைவி ஜெசிந்தா அக்கா கடைக்கு வந்தார். அண்ணன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், பேசவும் இல்லையாம், ஆபரேஷன் வேண்டாம் என்று படுத்துக்கொண்டாராம். வார்டில் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டினால் மனசு கொஞ்சம் மாறும் என்பது அக்காவின் யோசனை.

ஒரு டாக்டர் வருகிற குடும்ப நாவலை எடுத்தேன். நான் படித்ததில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கல்யாணப் பந்தி, மாமியார் மருமகளுக்கு லட்டு ஊட்டுகிறாள். இதைவிடச் சுபம் வேறென்ன இருக்க முடியும்? தைரியமாகக் கொடுங்கள் என்று சொன்னேன். அக்கா அதைப் பைக்குள் பைபிளோடு சேர்த்து வைத்தார். "உங்க பேச்ச நம்பித்தானுங்க கொண்டு போறன். சாவுங்கற வார்த்தையே இப்ப அவரு காதுல உழுவக்கூடாதுங்க."

ஒரே அட்டைக்குள் இன்னொருவர்

மறுநாள் மாரியம்மாள் வந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த டாக்டர் கதை வேண்டும் என்றார். ஜெசிந்தா அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்றேன். மாரியம்மாள் முகம் மாறியது. அந்தக் கதையில் நாயகன் ஆபரேஷன் மேஜையிலேயே செத்துப்போகிறான் என்றார். இருக்கவே முடியாது, நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேனே, லட்டு ஊட்டினார்களே என்று நான் சண்டைக்குப் போனேன்.

மாத நாவல்கள் மெலிசாக இருக்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். அதனால் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே அட்டையில் பைண்டிங் செய்து வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். செய்தவன் நான்தான், மறந்தவனும் நான்தான். அக்காவுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. மாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "லட்டு ஊட்டறது ரெண்டாவது கதைங்க. மொதக் கதையில வாய்க்கரிசிதானுங்க."

அவசர சிகிச்சை

கடையைப் பூட்டிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கையில் ஒரு நகைச்சுவை நாவல். இதை நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்திருந்தேன், யாரும் சாகவில்லை, ஒருவருக்கு வேட்டி அவிழ்வதுதான் அதில் பெரிய சோகம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், அக்கா இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பார் என்றுதான் நினைப்பு. அடிவாரம் வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வெயில் மட்டும் அதற்குக் காரணமில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வழியை மறித்துவிட்டார். நோயாளியின் உயிர்ப் பிரச்சினை, இந்தப் புத்தகத்தைக் கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்று மன்றாடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மனநல வார்டு எந்தப் பக்கம் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். அவரோ புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "வெச்சுட்டுப் போங்க, மேல குடுத்துடறேன். ஏனுங்க, இதுல முடிவு நல்லா இருக்குமுங்களா?"

அக்கா படித்த முடிவு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று இரண்டு நாள் கழித்து அக்காவே போனில் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் புத்தகத்தைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கோடை விழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒருநாள், கழுத்தில் துண்டோடு ரைட்டர் அண்ணன் மெதுவாகப் படியேறி வந்தார். கூடவே அக்கா. நான் கொண்டுபோன நகைச்சுவை நாவலைப் பற்றி அக்காவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாட்ச்மேன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

அக்கா என்னைத் திட்டவில்லை. அண்ணன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும், அக்கா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அண்ணன் தூங்கும்போது தற்செயலாக முன்னே புரட்டியதில் விஷயம் தெரிந்துவிட்டதாம். ஆபரேஷன் அன்று காலையில் அந்த அத்தியாயம் வந்ததும், புத்தகத்தைப் பார்த்தபடியே, இல்லாத வரிகளைச் சொந்தமாகச் சொல்லிக்கொண்டே போனாராம். நாயகன் கண் விழிக்கிறான், கஞ்சி கேட்கிறான், மனைவியிடம் சண்டை போடுகிறான். அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தாராம், அதன்பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்தே போட்டாராம். "சாமி சத்தியமா இதுவரைக்கும் அவருக்குத் தெரியாதுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

அக்கா ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனார். அண்ணன் எழுந்து உள்ளே வந்து அந்தப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மொத நாளு அவ டீ வாங்கப் போனப்பவே நான் முடிவப் படிச்சுட்டனுங்க. மறுநாளு அவ படிக்கறா, புஸ்தகத்துல அப்படி ஒரு வரிகூட இல்ல. கதையில செத்தவனையே எழுப்பி உக்கார வெச்சுட்டா, என்னைய உட்டுருவாளாங்க?"

இந்தக் கோடையில் படித்ததில் எது சிறந்த நாவல் என்று யாராவது கேட்டால் ஜெசிந்தா அக்கா படித்ததுதான் என்பேன், என்ன செய்வது, வாடகைக்கு விட என்னிடம் அதன் பிரதி இல்லை.