லூர்து அக்கா ஊற்றிய தண்ணீர்

செய்தி வந்தபோது நான் விம்கோ நகர் மார்க்கெட்டில் லூர்து அக்காவின் மீன் பலகைக்கு எதிரேதான் நின்றிருந்தேன். பலகை காலியாகக் கிடந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் மகன் சார்லஸ் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா பூட்ச்சி" என்றான். மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாளாம்.

மாலைக்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. அதில் அக்காவின் படம் தபால்தலை அளவு. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் கைகூப்பி நிற்கும் படம் ஆள் உயரம். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை; பேனரில் பார்த்துக்கொள்ளுங்கள். பங்கு இதழை அச்சுக்கு அனுப்புகிறவள் நான் என்பதால், அக்காவுக்கு ஓர் அஞ்சலி எழுதும்படி அவரே சொன்னார். தேவையில்லாத விஷயமெல்லாம் வேண்டாம் என்றும் சொன்னார். அவர் எதை வேண்டாம் என்றாரோ அதை மட்டும்தான் எழுதப் போகிறேன். அக்காவை 'அவள்' என்றே எழுதுவேன். 'அவர்' என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்கே விளங்காது.

புதன்கிழமைகளில் மீன் விற்று முடித்ததும் குளித்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போவாள். துணைக்கு நானும் போவேன். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவாள், கேட்டால் ஜெபிப்பாள், கேட்காவிட்டால் கஞ்சி வாங்கி வந்து கொடுப்பாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பாய் வீட்டு அம்மாவுக்கும் கஞ்சி உண்டு. இதையெல்லாம் சாமியாரும் சிஸ்டர்களும் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று முதல் நாள் கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தலையில தண்ணி ஊத்துன அன்னிக்கே நம்பள வேலைக்கு சேத்துட்டாங்க ரீட்டா. நாமதான் லீவு போட்டுக்கினு குந்திக்கினு கீறோம்" என்றாள். ஞானஸ்நானம் என்னும் திருமுழுக்கைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மனதில் தங்கியது இது ஒன்றுதான்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் சகாயத்தைப் பார்த்தோம். முகத்துவாரக்குப்பத்துப் பெண். புருஷன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். குறைமாதத்தில் பிறந்த அவளுடைய பெண் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இனி நம்பிக்கை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று சகாயம் அழுதாள். பங்குத்தந்தை தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. உயிர் போகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது நாம் எல்லோரும் மறைக்கல்வியில் படித்ததுதான். படித்த எனக்குக் கை வரவில்லை. அக்கா தன் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, என்ன பெயர் என்று தாயிடம் கேட்டு, "ஆக்னஸ்" என்று சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே அந்தச் சின்னத் தலையை நனைத்தாள். மறுநாள் குழந்தை இறந்தது.

கோயில் கல்லறைத் தோட்டத்துச் சாவி செயலாளரிடம் இருந்தது. கேட்கப் போனோம். அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. கண்ட கண்ட மீன்காரியும் தண்ணீர் ஊற்றினால் அது திருமுழுக்கு ஆகிவிடுமா, ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்றார். வெளியே துணியில் சுற்றிய குழந்தையோடு அதன் தகப்பன் வெயிலில் நின்றான். அக்கா அவரிடம் கெஞ்சினாள். யாரிடமும் ஒரு ரூபாய் குறைக்காதவள் அன்று கைகூப்பினாள். அவர் சட்னி கேட்டார், உள்ளேயிருந்து சட்னி வந்தது. ஆக்னஸை மாநகராட்சி மயானத்தில், வேலி ஓரம் ஒரு வேப்ப மரத்தடியில் புதைத்தோம். ஜெபம் சொன்னது லூர்து அக்கா.

தியானம் முடிந்து வந்த பங்குத்தந்தை, ஊற்றியது செல்லும், செயலாளர் செய்தது தப்பு என்றார். சொன்னது தன் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு. அதைப் பீடத்தில் நின்று சொல்லுங்கள் என்று அக்கா கேட்டாள். சமாதானமாகப் போகலாமே என்றார். செயலாளர் செயலாளராகவே இருந்தார். அதன் பிறகு வாசகம் வாசிக்கவும் மன்றாட்டுச் சொல்லவும் அக்காவைக் கூப்பிட்டதில்லை. பக்தசபைக் கொடியை அவள் தூக்கி வந்த இடத்தில் செயலாளரின் மைத்துனி வந்தாள். நான் கொதித்தேன். மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "மன்னிச்சாச்சு. ஆண்டவரு மன்னிக்கச் சொல்லிக்கீறாரு, மன்னிச்சிட்டேன். ஆனா வுட மாட்டேன்" என்றாள். மீனின் செதிலை எடுத்தபடியே, சார்லஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் செத்தா என்ன அந்தக் கொயந்த பக்கத்துல வையி. இத்தினி பேரும் அந்த மண்ணுல வந்து நிக்கணும். அந்தாளும் நிக்கணும்."

செயலாளருக்கு இது தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் முன் வரிசையில் இடம் ஒதுக்கிவிட்டதாக, ஏதோ தானம் செய்வதுபோல அறிவித்தார். சார்லஸ் தடுமாறினான். அவன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அடுத்த மாதம். பேரவையைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ என்று பயந்தான். உன் அம்மா கேட்டது ஒரே ஒரு காரியம், அதையும் செய்யவில்லை என்றால் வண்டிக்கு முன்னால் நான் படுத்துவிடுவேன் என்றேன். நிஜமாகவே படுத்திருப்பேன். பூசை முடிந்து ஊர்வலம் முனைக்கு வந்ததும், சார்லஸ் டிரைவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். வண்டி இடது பக்கம் திரும்பியது, மாநகராட்சி மயானத்தை நோக்கி.

பின்னால் சலசலப்பு. செயலாளர் ஓடி வந்து, வழி தப்பு என்றார். ஊர்வலம் நிற்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஆள் உயரப் பேனர் வைத்தவர் திரும்பிப் போக முடியுமா? முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். வேப்ப மரத்தடியில், காலையிலேயே நான் ஆள் வைத்து வெட்டிய குழி தயாராக இருந்தது. பங்குத்தந்தை ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்து முடித்துவிட்டு, தீர்த்தம் தெளிக்கும் கோலை, யாரும் சொல்லாமலே, சகாயத்திடம் கொடுத்தார். அந்த ஒன்றுக்காக அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன்.

சகாயம் அக்காவின் குழியில் தெளித்தாள். பிறகு பக்கத்தில் புல் மண்டிய இடத்தில் தெளித்தாள். திரும்பி, கோலைச் செயலாளரிடம் நீட்டினாள். "இங்கயும் தெளிங்க சார். இதுவும் நம்ம கோயில் புள்ளதான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மொத்தப் பங்கும் அவரையே பார்த்தது. வாங்கினார், தெளித்தார். எனக்கு மகா சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டில் சந்தோஷப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவே இருந்திருந்தால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பாள்.

அவளைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள்: அவள் வசவை, சிரிப்பை, கடன் சொன்னாலும் கொடுத்த மத்தி மீனை. நான் வைத்துக்கொண்டது அவள் வேலையை. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு இப்போது நானும் சகாயமும் போகிறோம். போன வாரம் அதே வார்டில், அதே போல ஒரு தாய், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஒரு பையன். சாமியாருக்குக் காத்திருக்க நேரமில்லை. இந்தத் தடவை என் கை வந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குக் கொண்டு வருகிறோம். பங்குத்தந்தை எண்ணெய் மட்டும் பூசுவார். ஒருமுறை ஊற்றிய தண்ணீரை மறுபடி ஊற்றுவதில்லை. திருமுழுக்குக் கொடுத்தவர் யார் என்பதை அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், இந்த முறை பீடத்திலிருந்தே ஆகட்டும் என்று ஒத்துக்கொண்டார். அறிவிப்பு வாசிப்பவர் நீங்கள்தானே, செயலாளர் அவர்களே? என் பெயரைச் சத்தமாக வாசியுங்கள்.