அன்ரி பேசினாவாம்

நேற்றுப் பின்னேரம் தங்கை போன் எடுத்தாள். அவள் புருசனுக்கு வவுனியாவில் வேலை சரிவந்துவிட்டதாம். குடும்பத்தோடு ஹட்டனை விட்டு இந்தப் பக்கம் வருகிறார்களாம். "அக்கா, மாகாணம் விட்டு மாகாணம் வாரோம். அங்க என்னென்ன இருக்கும், என்னென்ன கொண்டுவரணும், எல்லாம் ஒழுங்கா சொல்லு" என்றாள்.

கம்பளியைக் கொண்டுவந்துவிடாதே என்றேன் முதலில். நுளம்பு வலை வேண்டும், குடை மழைக்கல்ல வெயிலுக்கு, வாடகைக்கு வீடு பார்க்கும்போது கூரையைப் பார்க்காதே கிணற்றுத் தண்ணீரை ருசித்துப் பார் என்றேன். அவளும் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். இதெல்லாம் யாரும் சொல்வார்கள். எனக்கும் வரும்போது ஆளாளுக்குச் சொன்னார்கள். வெயில் கொல்லும் என்றார்கள், பாம்பு வரும் என்றார்கள், யானை வந்து வாழையைத் தின்னும் என்றார்கள். ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்தான் என்னைப் பெட்டி கட்ட வைத்தது.

என் புருசன் நெல் வெட்டும் மெசின் திருத்துகிறவர். ஹட்டனில் அவருக்கு வேலை ஏது? எங்கள் ஊரில் எந்த மெசின் வந்து நெல் வெட்டப் போகிறது? கலியாணம் கட்டியும் அவர் கொழும்பில், நான் அம்மா வீட்டில். மாதத்துக்கு ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். அப்போதுதான் அக்கராயனில் ஒரு கராஜில் நிரந்தர வேலை கிடைத்தது. அவர் முன்னாடி போய் வீடு பார்த்தார். நான் வயிற்றில் பிள்ளையோடு பின்னாடி வந்தேன்.

பஸ் மாங்குளத்தில் நின்றபோது இறங்கித் தேத்தண்ணீர் குடித்தேன். வெயில் உச்சந்தலையில் ஆணி அடித்தது. நானோ ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் லீக்ஸ் கட்டும் மறு கையில் கம்பளி மூட்டையுமாக நிற்கிறேன். கடையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முறிகண்டியில் அவர் லான்ட்மாஸ்டர் என்ற சின்ன டிராக்டரோடு காத்திருந்தார். அதன் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கிறவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனது, இரு பக்கமும் வயல் பச்சைப் பசேலென்று விரிந்தது, வாய்க்கால் தண்ணீரில் பிள்ளைகள் குதித்தது, எல்லாம் இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. மலை இல்லாத வானத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மாடி, இவ்வளவு பெரியதா வானம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வீடு நல்ல வீடு. கிணறுதான் சரியில்லை. தண்ணீர் ஒரே சவர். பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன், உப்புக் கஷாயம் மாதிரி இருந்தது. மலையிலிருந்து கொண்டுவந்த நல்ல தூளை இப்படி வீணாக்கிவிட்டோமே என்று அழுகையே வந்துவிட்டது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"பிள்ளை, அது குளிக்கிற தண்ணி. குடிக்கிறதுக்கு இஞ்ச வந்து அள்ளும். பொட்டுக்குள்ளால வாரும்."

நான் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். பொட்டு இருந்தது. அதற்குள்ளால் எப்படி வருவது? அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகுதான் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருந்த இடைவெளியைக் காட்டினார். அயலுக்கு அயல் போய்வர விடும் அந்த வழிக்குப் பெயர்தான் பொட்டாம்.

அன்ரி என்று கூப்பிடச் சொன்னார். அவரும் கணவரும் மட்டும்தான் அந்த வீட்டில். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து வயல் செய்த குடும்பம். மகன் சுவிஸில். இப்போது அன்ரியும் அங்கேதான். அவர் இல்லாத அந்த வேலிப் பக்கம் பின்னேரங்களில் போக எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

அந்த முதல் மாதங்கள் போல ஒரு காலம் எனக்கு இனி வராது. "பிள்ளைத்தாச்சி குடம் தூக்கக் கூடாது" என்று அன்ரியே தண்ணீர் அள்ளிக்கொண்டு பொட்டுக்குள்ளால் வருவார். வந்தால் உடனே போகமாட்டார். போகும்போதும் வேலிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு கதைதான். எந்தக் கீரை உடம்புக்குக் குளிர்ச்சி, எந்த வாய்க்காலில் விரால் படும், யார் வீட்டு மாடு யார் வயலில் மேய்ந்தது. நான் ரொட்டி சுட்டுக் கொடுப்பேன், அவர் புட்டும் குளத்து மீன் குழம்பும் தருவார். என் பிளேன்டீயைக் குடித்துவிட்டு "இதென்ன பிள்ளை, பேய்ச் சாயம்" என்று முகத்தைச் சுளிப்பார். மறுநாள் மறுபடி கேட்பார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நிற்பதாகவும் அவரே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இவ்வளவு தூரம் வர முடியாது. அன்ரி நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் பிள்ளையை இங்கேயே பெறுவதென்று இருந்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது சந்திக் கடையில்.

"என்ன பிள்ளை, இடம் பிடிச்சிருக்கோ? பக்கத்து வீட்டுக்காரர் எப்பிடி?" என்று கடைக்கார அக்கா சீனியை நிறுத்தபடி கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ரொம்ப நல்லவங்க. அன்ரி என்கிட்ட பேசாத நாளே இல்ல. காலையில தண்ணி கொண்டாந்தா பேசுவாங்க. அந்திக்கு வேலிகிட்ட நின்னு பேசுவாங்க. நேத்து இருட்டுற வரைக்கும் பேசினாங்கன்னா பாருங்களேன்!"

கடைக்கார அக்காவின் கை அப்படியே நின்றது. "நீர் ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லையோ?"

"நான் என்ன சொல்றது? அவங்க பேசுறத கேட்டுக்கிட்டே இருப்பேன். ஆசையா இருக்கும்."

"அவவின்ர மனுசனும் பேசுமோ?"

"அவரு கொஞ்சமாத்தான். அவங்கதான் நிறைய."

"ஐயோ, வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளையை" என்று அவர் ஒரு விளாம்பழத்தை எடுத்துச் சும்மா என் கையில் வைத்தார். வடக்குச் சனத்தைப் பற்றி யாரடா குறை சொன்னது, இவ்வளவு பாசமானவர்கள் என்று பூரித்துக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் காலையில் குடத்தோடு போனால் பொட்டு அடைத்துக் கிடக்கிறது. பனை ஓலை வைத்து, மேலும் கீழும் முள்ளுக்கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. மாடு ஏதும் புகுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். "அன்ரி" என்றேன். அந்தப் பக்கம் முற்றம் கூட்டும் சத்தம் நின்றது. மறுபடி கூப்பிட்டேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது எனக்கு. நான் என்ன செய்தேன்? ரொட்டியில் ஏதும் விழுந்து கிடந்ததா? மலைநாட்டுக்காரி என்று யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா? அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ரோசமும் வந்துவிட்டது. போய்க் கேட்டுவருகிறேன் என்ற புருசனைத் தடுத்தேன். "வேண்டாத வீட்டு வாசல்ல நீங்க எதுக்கு போய் நிக்கணும்?" என்று கத்தினேன். அவர் பாவம், வேலைக்குப் போகும் முன்னர் மோட்டார் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ரோட்டில் என்னைக் கண்டால் அன்ரி முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க என் வீறாப்பெல்லாம் இறங்கி அழுகைதான் மிஞ்சியது.

கடைசியில் ஹட்டனுக்கே போகிறேன் என்று புருசனிடம் சொன்னேன். போனால் நான் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறக்கும் பிள்ளை அப்பாவை லீவு நாளில் மட்டும் பார்க்கும். அதையும் நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் சேலைகளை மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது மனம் கேட்கவில்லை. எத்தனை குடம் தண்ணீர் குடித்திருக்கிறேன் அந்த வீட்டில். அவரை மோட்டார் சைக்கிளோடு ரோட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, முன் கேட்டைத் திறந்து நுழைந்தேன். அன்ரி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்ரி நிமிரவே இல்லை.

"அன்ரி, நான் ஊருக்கே போறேன். என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கு தெரியாது. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ என்கிட்ட பேசுங்க. நீங்க பேசாம என்னால இருக்க முடியல" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன்.

சுளகு கீழே விழுந்தது. "என்ன, பேசுறதோ? பேசுறன் பேசுறன் எண்டு சந்தி முழுக்கச் சொல்லித் திரிஞ்சது காணாதே? இன்னும் வந்து பேசட்டாம்! எப்ப பிள்ளை நான் உம்மைப் பேசினனான்?"

"தினமும்தான் பேசினீங்க! வேலிகிட்ட நின்னு! சந்தோசமாத்தானே நான் எல்லாருகிட்டயும் சொன்னேன்!"

அன்ரி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கதிரையில் இருந்த மனுசன் முதலில் செருமினார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "எடியப்பா, அவையின்ர ஊரில பேசுறதெண்டால் கதைக்கிறது. எங்கட வயலுக்கு அறுவடைக்கு வந்த மலைநாட்டுப் பெடியளும் உப்பிடித்தான் சொல்லுறவங்கள்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இங்கே பேசுவதென்றால் ஏசுவது. அம்மா பேசினவா என்றால் அம்மா திட்டினார் என்று அர்த்தம். நாள் முழுக்க இந்தியச் சீரியல் பார்க்கிற சனம்தான். சீரியல்காரி பேசினால் விளங்குமாம், பக்கத்து வீட்டுக்காரி பேசினால் விளங்காதாம்!

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்ரிக்கு வரவில்லை. "என்ர பிள்ளை இருந்திருந்தால் உன்ர வயசுதான்" என்றார். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் இறந்துபோன மகளைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவள் போன பிறகு ஒருத்தரோடையும் எனக்குக் கதை இல்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு உன்னோடதான் வாய் திறந்தனான். அதைப் போய்ப் பேச்செண்டு சொல்லிப்போட்டியே எண்டு நெஞ்சு வெடிச்சுப்போச்சு."

'நீர்' போய் 'நீ' வந்துவிட்டதை நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், ரோட்டில் பையோடு நின்ற என் புருசனைக் கண்டதும் வெடித்தார். "அடி விசரி! இந்த வயித்தோட பஸ்ஸில குலுங்கிக் குலுங்கி ஹட்டனுக்கோ? அறிவிருக்கோ உனக்கு? தம்பி, உமக்கும் அறிவில்லையே? பெண்சாதி சொன்னால் பையைத் தூக்கிறதோ? கொண்டுவந்து உள்ள வையும் அதை!"

இதுதான் இந்த ஊர்ப் பேச்சு. அப்படியொரு பேச்சை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. நெஞ்சு குளிர நின்று வாங்கினேன். அன்று மத்தியானமே பொட்டில் முள்ளுக்கம்பி போய்விட்டது.

வலி கண்டதும் அன்ரிதான் ஆட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, "கூட நிக்கிறது ஆர்?" என்றார்.

"தாய்" என்றார் அன்ரி.

அதுவரை நான் அம்மா, முடியலையே, வலிக்குதே என்று மலைநாட்டுத் தமிழில் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். தாதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாயெண்டுறீங்கள், பிள்ளையின்ர கதை வேற மாதிரி இருக்கே?"

"அவள் கனகாலம் அங்காலை இருந்திட்டாள்" என்றார் அன்ரி, என் கையை விடாமல். "இப்பதான் வீட்டை வந்திருக்கிறாள்."

நான் ஓவென்று அழுதேன். வலி கூடிவிட்டதென்று நினைத்து, தாதி என்னை அவசரமாக உள்ளே கூட்டிப்போனார்.