அவள் பந்தயத்துக்கு என் முகம்

நாலு மாதம் என் முகம் என்னுடையதாக இல்லை. பாதி ஷேவிங்கில் இருப்பேன், கன்னம் முழுக்க நுரை. "ஏங்க, ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்று மனைவி போனை நீட்டுவாள். பார்ப்பேன். "நுரையைத் துடைங்க, அடையாளம் தெரியலையாம்." துடைப்பேன். லீவு நாளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால்கூட விடமாட்டாள். "கண்ணை மட்டும் திறங்க, அப்புறம் தூங்கிக்கங்க." எனக்கு முன்கோபம் அதிகம் என்று நான் வேலை பார்க்கும் சைட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் அது செல்லுபடியானதே இல்லை.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது அமீரகத்தில், அல் ஐனில். நான் ஒரு கட்டுமான கம்பெனியில் எஞ்சினியர். விளையாட்டில் பந்தயம் கட்டுவது இங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது. திடீரென்று சட்டம் மாறி, அரசாங்க உரிமத்தோடு போனிலேயே பந்தயம் கட்டலாம் என்று வந்துவிட்டது. விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவளுக்குக் கண் மின்னியது. "அஞ்சு திர்ஹம் போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள், ஏதோ ஐஸ்கிரீம் கேட்பது மாதிரி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் காலேஜ் படிக்கும்போது யூனிவர்சிட்டி கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதியவள். ஆடத் தெரியாது. ஆனால் ஒரு பந்து விடாமல் எழுதுவாள், எழுதியது மறக்கவும் மறக்காது. கல்யாணமாகி என் விசாவில் இங்கே வந்தாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், போன வருஷம் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். அதோடு வீடு வெறிச்சோடிப் போனது. நான் டூட்டி முடிந்து வந்தால் டிவியில் மேட்ச் ஓடும், அவள் மடியில் ஒரு கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். யாருக்காக எழுதுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

கணக்குத் திறக்க அவளுடைய எமிரேட்ஸ் ஐடியைத்தான் முதலில் கொடுத்தோம். வேலை என்ன என்று கேட்டது. இல்லத்தரசி. மாத வருமானம் என்று ஒரு கட்டம். சைபர் போட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, வீட்டு வாடகை என் பேரில், கார் என் பேரில், அவள் கையில் இருக்கும் சிம்கூட என் பேரில். இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் ஐடியைக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவை ஆப்பைத் திறக்கவும் ஐடியில் இருக்கும் என் முகத்தைக் காட்டச் சொன்னது. இந்த ஊரில் குடும்பத்தோடு இருக்கிற எல்லாரும் இப்படித்தான் செய்வோம். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவள் ஆடிய விதமே தனி. யார் ஜெயிப்பார்கள் என்று ஒருநாளும் கட்டமாட்டாள். "அது ஜோசியம்" என்பாள். முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன், இந்தப் பவுலர் விக்கெட் எடுப்பானா, இவ்வளவுதான். நோட்டைப் புரட்டுவாள், உதட்டைக் கடிப்பாள், அப்புறம் என் முகத்தைக் கேட்பாள். ஷார்ஜாவில் ராத்திரி பனி இறங்கினால் சுழல் பந்து கையில் வழுக்கும் என்பதை எனக்கு இட்லி மாவு அரைத்துக்கொண்டே வகுப்பெடுத்தாள். முதல் தடவை ஜெயித்தபோது சமையலறையில் நின்று ஒரு ஆட்டம் போட்டாள் பாருங்கள், இருபது வருஷத்தில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என்னைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போய் அவள் காசில் கடக் சாயா வாங்கிக் கொடுத்தாள். "என் சம்பாத்தியம், குடிங்க" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்காமல் நான் குடித்து முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு அந்த ஆப்பிலிருந்து மெசேஜ் வந்தது. இந்த மாதத்துக்கான வரம்பு முடிந்துவிட்டது என்று. என் அண்ணன் ஊரில் போனில் ரம்மி ஆடி அண்ணியின் நகை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் விட்டவன். இப்போதும் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். அவனும் ஐஸ்கிரீம் கேட்பது மாதிரிதான் ஆரம்பித்தான். ஐயோ, இவளுமா என்று ஆகிவிட்டது எனக்கு. அந்த ஆப்பில் நம்மை நாமே பூட்டிக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒரு வருஷத்துக்குப் பூட்டினால் நடுவில் யாராலும் திறக்க முடியாது. பந்தயத்தில் மாட்டிக்கொண்டவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை வைத்திருக்கிறார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, என் போனிலேயே ஆப்பைத் திறந்து என் முகத்தைக் காட்டி, பூட்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடமையைச் செய்த திருப்தியில் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அவள் வழக்கம்போலப் போனை நீட்டினாள். "வரம்பு முடிஞ்சு போச்சு, சும்மா பாக்கத்தான்" என்றாள். நான் முகத்தைக் காட்டினேன். திரையில் என்ன வந்ததோ, அதை இரண்டு தடவை படித்தாள். என்னைப் பார்த்தாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். மூன்று நாள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. டிவியில் மேட்ச் ஓடியது, மடியில் நோட்டு இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலாம் நாள் நானே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பூட்டைத் திறக்கச் சொன்னேன். முடியாது சார், நீங்களே போட்ட பூட்டு என்று இந்தியில் பணிவாகச் சொன்னான் அந்தப் பையன். "பாய், ஆடுறது நான் இல்ல, என் வைஃப்" என்று உளறிவிட்டேன். "அப்படியா சார், கணக்கை வேறொருவர் உபயோகிக்கிறாரா?" என்று குரல் மாறியது. ஐயையோ என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அந்த வரம்பை வச்சதே நான்தாங்க" என்றாள். "மாசம் அம்பது திர்ஹம், அதுக்கு மேல போகக்கூடாதுன்னு முதல் நாளே வச்சேன். உங்க அண்ணன் கதை எனக்குத் தெரியாதா?"

"பயந்துட்டேன்மா."

"பயந்தது தப்பில்ல. போன வாரம் எனக்கே பயமாத்தான் இருந்துச்சு, சாம்பார் கொதிக்கும்போதுகூடப் பந்தய நினைப்புதான். பூட்டுனதும் நல்லதுக்குத்தான்னு வைங்க. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பூட்டச் சொல்லியிருப்பேனே. உங்க முகம்தாங்க அது, ஆனா உள்ள இருந்த மூளை என்னோடது. இந்த ஊர்ல என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிச்சிரு என்றேன். "மன்னிப்பு எல்லாம் இருக்கட்டும், ஒரு கையெழுத்து வேணும்" என்றாள்.

ஊருக்கு வெளியே மண் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்குள் லீக் நடக்கும். அவர்களுக்குச் சம்பளத்துக்கு ஸ்கோரர் தேவையாம். அவளே விசாரித்து, அவளே பேசி முடித்திருக்கிறாள். என் விசாவில் இருப்பதால் நான் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தால்தான் அவள் வேலை செய்யமுடியும். நான் பேனாவை எடுத்தேன். "நான் எழுதிட்டேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று நோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது. அப்போதே எழுதி வைத்து, கேட்கத் தயங்கியிருக்கிறாள். அந்தத் தேதிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். போகச் சொன்னாள். போகாமல் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்றேன். பெரிய குடை, பிளாஸ்டிக் மேசை, தலையில் என் பழைய தொப்பி, கையில் இரண்டு கலர் பேனா. மூன்றாவது ஓவரில் ஒருத்தன் பந்தை நாலுக்கு அடித்தான். அம்பயர் அவள் பக்கம் திரும்பிக் கையை வீசிக் காட்டிவிட்டு அப்படியே நின்றார். பவுலர் பந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான், பேட்ஸ்மேன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். என்ன ஆச்சு, ஏன் நிற்கிறார்கள் என்று எனக்குப் பதறியது. அவள் குனிந்து நிதானமாக எழுதினாள், ஒரு தடவை சரிபார்த்தாள், பிறகு நிமிர்ந்து, எழுதியாச்சு என்பது போல ஒரு கையைத் தூக்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் அம்பயர் திரும்பினார், அடுத்த பந்து விழுந்தது.