தேதி போடாத ராஜினாமா

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. என் ஒன்றரை வயது மகளை ரிங்லெட் என்ற பக்கத்து ஊரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவந்தேன். போக்குவரத்தோடு சேர்த்து என் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. பல நாள் குழம்பி, கடைசியில் ராஜினாமா கடிதம் அடித்தேன். மனம் வராததால் தேதி மட்டும் போடவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கையெழுத்துக்கு நான் அனுப்பிய லீவு பாரங்களுக்கு நடுவே அந்தக் கடிதமும் போயிருந்தது!

“என்னம்மா, எப்ப போறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையா?” என்று சிரித்தார்.

அழாத குறையாகக் காரணத்தைச் சொன்னேன்.

“பழைய ஆயாக்கொட்டகை சும்மாதானே பூட்டிக் கெடக்கு? அஞ்சு புள்ளைங்க சேர்ந்தா தொறந்து தரேன். மொதல்லயே கேட்டிருக்கலாமே!”

தோட்டத்துப் பிள்ளைகளை முன்பு வைத்துப் பார்த்துக்கொண்ட அந்தக் கொட்டகையைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். சலுகை கேட்கிறாள் என்று நினைப்பார்களோ என்று வாயே திறந்ததில்லை.

அன்று மாலையே வீடு வீடாகப் போனேன். தேதி போடாத கடிதத்தின் விஷயம் அதற்குள் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பரவியிருந்தது. கைக்குழந்தைக்காகக் கொழுந்து பறிப்பதை நிறுத்தியிருந்த கலா, “என் புள்ளையோட சேத்துப் பாத்துக்கிறேன்லா, கிராணியம்மா! என் சம்பளத்துக்காவது தேதி போட்டுடுங்க” என்றாள்.

கையில் வேறு காகிதம் இல்லை. மேனேஜர் திருப்பித் தந்திருந்த அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பெயர்களை எழுதினேன். ஏழு பிள்ளைகள்!

இப்போது முன்பு கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு. எதையும் தனியாகக் குழம்பி முடிவு செய்யாமல் முதலில் கேட்டுவிடுகிறேன். அந்தக் கடிதம் கொட்டகைச் சுவரில், பெயர்கள் தெரியும்படி ஒட்டியிருக்கிறது.