கதவுக்கு வெளியே ஓர் ஆள்

மீன் கம்பெனியில் அவளுக்கு ரெண்டாளு என்று பெயர். புருஷன் இன்னொருத்தியோடு போய்ச் சேர்ந்த பிறகு, "தனியாவா இருக்கே?" என்று யாராவது உச்சுக்கொட்டினால், "தனியா ஏன்? நானும் ஆண்டவரும், ரெண்டாளு" என்பாள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவளோ பட்டம் கிடைத்த மாதிரி அதைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல அது. காலையில் வாடகை அறையைப் பூட்டும்போது, "வாங்க ஆண்டவரே, நேரமாச்சு" என்று அவர் வெளியே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸில் ஒடுங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விடுவாள். அதில் எவனாவது தடியன் வந்து சப்பென்று உட்கார்ந்தால் முகம் தொங்கிவிடும். புருஷன் இருந்த காலத்தில் அந்த அறையில் பேச்சுச் சத்தமே கிடையாது. இப்போதுதான் அவள் குடித்தனம் நடத்தினாள் என்று சொல்ல வேண்டும்.

வேலை ஃப்ரீசரில். உறைந்த மீன் பெட்டிகளை உள்ளே அடுக்குவதும் எடுப்பதும். கனத்த இரும்புக் கதவு. உள்ளிருந்து திறக்கும் பிடி எப்போதோ உடைந்துபோய், அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று ஒரு விதி. சும்மா நிற்கிற அந்த ஆள் சூப்பர்வைசரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தாள்.

"உனக்குத்தான் பெரிய துணை இருக்காரே. வெளியில இன்னொரு ஆள் எதுக்கும்மா?" என்றான் ஒருநாள். அவனும் அவள் போகும் ஜெபவீட்டுக்காரன்தான். அங்கே முதல் வரிசை.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆள் வேண்டும் என்று கேட்டால் ஆண்டவரைக் குறைத்துப் பேசியது போல் ஆகிவிடுமே என்று ஒரு வீம்பு. "அதானே சார்" என்று உள்ளே போனாள். கதவுக்கு வெளியே நின்றவளை அவன் பாக்கிங் மேசைக்குத் துரத்தினான். அன்றைக்கு வேடிக்கை, மறுநாளிலிருந்து அதுவே வழக்கம்.

முதலாளியின் பிறந்தநாளன்று கேக் வெட்டப் போகிறார்கள் என்று மொத்தக் கூட்டமும் முன்கட்டிடத்துக்கு ஓடியது. ஓடியவர்களில் யாரோ ஃப்ரீசர் திறந்து கிடப்பதைப் பார்த்து, குளிர் வீணாகிறதே என்று ரொம்பப் பொறுப்பாகக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உள்ளே அவள் தட்டினாள், கத்தினாள். கையுறை விறைத்துப்போயிற்று. "நீங்க தட்டுங்க ஆண்டவரே, உங்க சத்தம் கேக்கும்" என்று கெஞ்சினாள். அவர் தட்டவில்லை. பிறகு திட்டினாள். ஓடிப்போன புருஷனைக்கூட அப்படித் திட்டியதில்லை. வெளிச்சம் வரவில்லை, தேவதூதன் வரவில்லை. கடைசியில் கதவடியில் சுருண்டு விழுந்தபோது, பக்கத்தில் அவரும் சுருண்டு கிடக்கிறார், அவருக்கும் பல் கிட்டுகிறது என்று தெரிந்தது. தோன்றியதா என்று கேட்டால் கோபம் வரும் அவளுக்கு. தெரிந்தது என்றுதான் சொல்லுவாள். அதன்பிறகு பயம் போய்விட்டது. குளிர் மட்டும் போகவில்லை.

பெட்டி எடுக்க வந்தவன் கதவைத் திறந்தபோது உயிர் இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

கட்டோடு ஜெபவீட்டில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "உள்ள எனக்குப் பக்கத்துலயே இருந்தாரு" என்றதும் கூடம் அதிர ஸ்தோத்திரம் சொன்னார்கள். முதல் வரிசையில் சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பாவம். உடைந்த பிடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியின் அழகு கெட்டுவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

இரண்டு விரலை வைத்துக்கொண்டு பெட்டி தூக்க முடியுமா? துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒருநாள் ஃப்ரீசர் பக்கம் பெருக்கிக்கொண்டு வந்தவள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருத்தி பெட்டியோடு உள்ளே போவதைப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

சூப்பர்வைசர் வந்தான். "இங்க என்ன வேலை உனக்கு?"

"ஆளில்லாம உள்ள அனுப்பியிருக்கீங்களே சார்."

"நீதானே சொன்னே, ஆண்டவர் பக்கத்துலயே இருந்தார்னு? அவளுக்கு மட்டும் இருக்கமாட்டாரா?"

"இருப்பாரு. அவளோட சேந்து அவரும் விறைச்சுக் கிடப்பாரு. கதவைத் திறக்க வெளியில மனுஷங்கதான் சார் நிக்கணும்."

அவன் முகம் செத்துவிட்டது. ஒரு நொடிதான். "நாளையிலேருந்து வராதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவள் நகரவில்லை. உள்ளே போனவள் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். இவள் மிச்சமிருந்த விரல்களால் அவள் தோளைப் பற்றினாள்.

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன். ஆளில்லாம உள்ள போகாதேம்மா. ஆண்டவர் துணை இருக்காருன்னு யார் சொன்னாலும் போகாதே. நானே சொல்லியிருந்தாலும் போகாதே."

புதிதாக வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார் உங்க சாட்சியைச் சொல்லித்தான் அக்கா எனக்குத் தைரியமே வந்துச்சு. நீங்க போனீங்களே, செத்தா போயிட்டீங்க?"