மூன்றடி வரம்பு

வயலும் காதலும் காணிச் சண்டையுமாக ஏதாவது படம் ஓடினால் நான் பாதியில் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். கதாநாயகியின் தகப்பனும் மாமனும் வயல் வரம்பில் எதிரெதிரே நின்று குரலை உயர்த்தியதும் அதற்கு மேல் என்னால் உட்கார முடியாது. என் கணவர் சிரிப்பார். அது நடிப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பது வயதில் அப்படியொரு படத்தில் நானே நடித்திருக்கிறேன். அதனால்தான் எழுந்து போகிறேன்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில். வயல் தெற்கே, சாகாமம் குளத்துக்குக் கீழே. உம்மாவின் வாப்பா மௌத்தாவதற்கு முன்பே அதை இரண்டாகப் பிரித்து, குளத்தை அண்டிய மேல்காணியை உம்மாவுக்குச் சீதனமாகவும், கீழ்க்காணியை உம்மாவின் மூத்த சகோதரனான காக்காவுக்கும் எழுதிவிட்டார். அந்தக் காக்காதான் என் மாமா. குளத்துத் தண்ணீர் முதலில் மேல்காணிக்குத்தான் பாயும். எங்களுக்கு நிறைந்த பிறகு மிச்சம் மாமாவுக்கு இறங்கும்.

வாப்பா வீடுகளுக்கு வயர் இழுத்து லைட் போடும் வேலை செய்தவர். வயலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது தன் மனைவியின் வயல் என்பதுதான். தெரியாத பொருளின் மீதுதான் மனிதர்களுக்கு உரிமை அதிகம் போலும். போகத்துக்குப் போகம் மாமா வரம்பை எங்கள் பக்கமாகத் தள்ளி வெட்டுகிறார், இதுவரை மூன்றடி போய்விட்டது என்று ஒருநாள் கண்டுபிடித்தார். மழையில் கரைந்த வரம்பைச் செப்பனிட்டேன், ஓரடிகூட எடுக்கவில்லை என்றார் மாமா. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வந்து கயிறு பிடித்து அளந்தார். அந்தக் கயிறு யாருடையது என்பதில் புதிதாக ஒரு சண்டை வந்தது. கடைசியில் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று, “இன்னொரு தரம் என்ட வரம்புல கால் வெச்சா மண்வெட்டிதான் கதைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. உம்மா பெருநாளைக்குக்கூடத் தன் காக்காவின் வீட்டுக்குப் போகவில்லை. “அவன் வாயால ஒரு தரம் ஓம், வெட்டினன் என்டு சொல்லட்டும், மூணடியையும் விட்டுர்றன்” என்று வாப்பா சோற்றுக்கு முன்னாலிருந்து சொல்வார். உம்மா கறியை எடுத்து வைப்பாள்.

இந்த நிலைமையில்தான் படம் எடுக்கிறவர் வந்தார். அவர் கல்முனைக்குடியில் கலியாண வீடியோ எடுப்பவர். ஒரே மாதிரியான மாப்பிள்ளைகளையும் பொம்பிளைகளையும் எடுத்து எடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு படம் எழுதியிருந்தார். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இருவர், அவர்களுக்குள் காணிச் சண்டை, ஒருவரின் மகளும் மற்றவரின் மகனும் விரும்புகிறார்கள். எங்கள் வயலில் நின்றால் குளக்கட்டு நன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாப்பா பெருமையோடு சம்மதித்தார். ஆனால் கமராவை மாமாவின் பக்கம் வைத்தால்தான் குளக்கட்டு விழும் என்று தெரிந்ததும் படக்காரர் மாமாவிடமும் போனார். தன்னை நடிக்க விட்டால் மட்டும் இடம் தருவேன் என்றார் மாமா. அதைக் கேட்ட வாப்பா, அப்படியென்றால் எதிராளி நான்தான் என்றார். படக்காரர் இரண்டுக்கும் தலையாட்டினார். எங்கள் சண்டை அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

கதாநாயகியின் சிறுவயதுக்கு என்னைப் பிடித்தார்கள். எனக்கு ஒரே ஒரு வேலை. மாமா மண்வெட்டியை ஓங்கும்போது நான் ஓடிப்போய் வாப்பாவுக்கு முன்னால் நிற்க வேண்டும். படக்காரர் கையைக் காட்டினால் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

படப்பிடிப்புக்கு முந்திய அந்த ஒரு கிழமையும், ஏழு நாளும், நான் சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் வசனங்களைப் பாடமாக்கினார். “இந்த மண்ணுல நீ வெட்டின ஒவ்வொரு வெட்டும் என்ட நெஞ்சுல வெட்டினது” என்று கத்துவார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “எப்பிடி மகள்?” என்று கேட்பார். நல்லது என்று சொல்வேன். மாமாவின் கைக்கு மண்வெட்டியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் போலவும், பெரியவர்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள் போலவும் இருந்தது. உம்மாவிடம் போனேன்.

“மாமா மெய்யா அடிச்சா என்ன உம்மா செய்ற?”

“அது படம்தானே புள்ள.”

சொல்லிவிட்டு ஏற்கெனவே உப்புப் போட்ட கறிக்கு இன்னொரு கை உப்புப் போட்டாள். படப்பிடிப்பு நாளன்று அவள் வரவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டு, வாசல் வரைக்கும் வந்து, என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்: “வாப்பாவ விட்டு அங்கால இங்கால போகாத.” அதுவரை பயந்துகொண்டு மட்டும் இருந்த எனக்கு இப்போது வாப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

நெல் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. வரம்புகளுக்கு நடுவே வரவைகளில் தண்ணீர் பளபளத்தது. படக்காரரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் கமராவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா புதுச் சாறன் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கலியாணத்துக்கு வந்தவர்போல் வயல் குடிசையான வாடிக்குள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். பிறகு எனக்குப் பின்னால் வாப்பா வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். வாடியின் தூணில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதன் வாய் அன்றைக்குத்தான் தீட்டியதுபோல் வெள்ளையாக மின்னியது.

எல்லாரும் வெளிச்சத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதைத் தூக்கினேன். என் தோள் உயரம் இருந்தது. இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய வாய்க்காலில் தள்ளிவிட்டேன். சத்தமில்லாமல் மூழ்கியது. ஒரு கிழமைக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசித்தது.

நிம்மதி கொஞ்ச நேரம்தான். மண்வெட்டியைத் தேடத் தொடங்கினார்கள். வாடிக்குள், வைக்கோலுக்குள், படக்காரரின் வேனுக்குள் எல்லாம் தேடினார்கள். மாமாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

“காணிதான் போச்சு. இப்ப மண்வெட்டியும் போச்சு” என்றார், யாரையும் பார்க்காமல்.

“உன்ட மண்வெட்டிய எடுத்து நான் என்ன செய்ற?” என்றார் வாப்பா. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவைதான்.

நான்தான் போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வெளிச்சம் போகிறது என்று படக்காரர் அவசரப்படுத்தினார். மாமா வாடியின் கூரைக்குள் கையை விட்டு நீளமான காட்டுக்கத்தி ஒன்றை இழுத்தெடுத்தார். “இது போதும்” என்றார்.

வேறு எதுவும் கிடைக்காமல் அவர் வெறுங்கையோடு நிற்பார் என்று நினைத்திருந்தேன். கத்தியைக் கண்டதும் வாப்பாவிடம் ஓடப் பார்த்தேன். என்னைப் பத்தடி தள்ளி நிறுத்தி, கை காட்டும் வரைக்கும் அசையக் கூடாது என்றார்கள்.

வாப்பா தன் வசனத்தைச் சரியாகச் சொன்னார். மாமாவும் தன்னுடையதைச் சொன்னார். அடுத்து மாமா கத்தியை ஓங்க வேண்டும். ஓங்கவில்லை. அதைத் தொடையோடு சேர்த்துப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அளக்க வந்தியே, இது ஆருட வயல் என்டு உனக்குத் தெரியுமா?”

“என்ட பொஞ்சாதிட வயல்” என்றார் வாப்பா. அதுவும் எழுதிய தாளில் இல்லை.

“மேல்காணி எனக்கு எழுத இருந்தது. வயர் இழுக்க வந்தவனுக்குப் புள்ளயக் குடுக்க மாட்டன், குடுத்தாலும் ஒரு பிடி மண் குடுக்க மாட்டன் என்டு எங்கட வாப்பா நின்டாரு. தங்கச்சி மூணு நாள் சோறு தின்னல்ல. அவரு முன்னால போய் நின்டது ஆரு? நான். மேல்காணிய அவளுக்கு எழுதுங்க, எனக்குப் பள்ளக்காணி போதும் என்டு சொன்னது ஆரு? நான்.”

 உம்மாவின் வாப்பா தன்னைப் பார்த்து, தன் குணத்தைப் பார்த்து மனம் மாறினார் என்றுதான் வாப்பா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அதை அவரே நம்பியும் இருந்தார்.

“ஓம், வரம்ப வெட்டினதுதான்” என்றார் மாமா. அவருடைய குரல் இப்போது உயர்ந்துவிட்டது. “மூணடி வெட்டினன். உன்ட வயல் நிறைஞ்சு வழியிற வரைக்கும் என்ட பயிர் காஞ்சுபோய் நிக்கும். அதப் பாத்துப் பாத்து வெட்டினன். கொண்டு போய் ஆருட்டயும் சொல்லு.”

கத்தி பிடித்த கை மேலே போனது. ஓங்குவதற்கா, கண்ணைத் துடைப்பதற்கா என்று எனக்குத் தெரியாது. படக்காரர் கை காட்டினாரா என்றும் நான் பார்க்கவில்லை. ஓடினேன். வாப்பாவுக்கு முன்னால் நிற்கும்படிதான் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் கத்தி மாமாவின் கையில் அல்லவா இருந்தது. நான் போய் மாமாவின் முழங்கால்களைக் கட்டிக்கொண்டேன்.

ஈர வரம்பு வழுக்கியது. இருவரும் தண்ணீருக்குள் விழுந்தோம். விழும்போதே அவர் கத்தியைத் தூர வீசிவிட்டார். அது பயிருக்குள் எங்கோ போய் விழுந்த சத்தம் கேட்டது. என் வாயெல்லாம் சேறு. “காயமா புள்ள, எங்கயும் காயமா?” என்று மாமா என் கைகளையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். வாப்பா செருப்போடு வயலுக்குள் குதித்து என்னை இழுத்தார். இழுத்த வேகத்தில் என் கையோடு மாமாவின் மணிக்கட்டையும் பிடித்துவிட்டார். பிடித்தவர் விடவில்லை.

“மெய்யா மச்சான்?” என்று கேட்டார்.

“என்னது?”

“அவருட்ட கேட்டது நீயா?”

மாமா சேற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.  எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு அழுகையாக, மண்வெட்டியை வாய்க்காலில் போட்டது நான்தான் என்று சொன்னேன். இருவரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவள் உன்ட புள்ளதான்” என்றார் மாமா, வாப்பாவிடம்.

அன்றைக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை, சலாம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு நடந்தார். மாமா வாய்க்காலில் இறங்கிக் காலால் தடவி மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் உம்மா என் உடுப்பைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது என் உடம்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு எட்டிப் பார்த்து, வாசலில் வாப்பா செருப்பைக் கழுவிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, வாளியைக் கீழே வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், படக்காரர் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார். எடுத்ததையெல்லாம் எங்களுக்குக் காட்டினார். நாங்கள் வீட்டின் முன்மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தோம். உம்மா உள்வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். மாமா கலியாணக் கதையைச் சொல்லத் தொடங்கியதும் திரைச்சீலை அசைவது நின்றுவிட்டது. முடிந்த பிறகு உள்ளேயிருந்து அவளுடைய குரல் மட்டும் வந்தது. “தம்பி, அந்த இடத்த இன்னொரு தரம் போடுங்க.” அவர் போட்டார். மீண்டும் ஒரு முறை கேட்டாள். மீண்டும் போட்டார்.

“நல்லா வந்திருக்கு காக்கா. நான் எழுதினதவிட நல்லம். இத அப்பிடியே வெக்கப் போறன்” என்றார் படக்காரர், வாப்பாவிடம்.

வாப்பா மடிக்கணினியின் திரைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்தார். அதில் மாமாவின் முகம் வாய் திறந்தபடி அசையாமல் நின்றது.

“வரம்பு வெட்டினன் என்டு சொல்ற இடம் ஒண்டு இரிக்கே, அதக் கழட்டிப் போடுங்க தம்பி.”

“அதுதான் காக்கா சண்டையில முக்கியம்.”

“கழட்டுங்க. மத்தது கிடக்கட்டும்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாமா தன் வாயால் ஓம் என்று சொல்ல வேண்டும் என்றுதானே வாப்பா இரண்டு வருடமாகச் சாப்பாட்டுக்கு முன்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது சத்தமாக, தெளிவாக, ஊருக்கே காட்டக்கூடிய விதத்தில் கிடைத்திருக்கிறது. அதற்காக நான் சேறு தின்றிருக்கிறேன். வென்ற பிறகு யாராவது அதை அழிக்கச் சொல்வார்களா என்று கேட்பதற்காக உம்மாவைத் தேடிக் குசினிக்குப் போனேன். அவள் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மாமா வீட்டுக்குக் கொண்டுபோகவென்று ஒரு சட்டி நிறையக் கறியைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாப்பாவைப் பற்றி முறையிட்டேன். முடிச்சைப் போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு குனிந்து என்னைக் கொஞ்சிவிட்டு, சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். அது ஏன் என்று கேட்காமல், கோபத்தோடேயே பிடித்துக்கொண்டு போனேன்.